பைன்லைனரா, ஊற்றுப்பேனாவா, தொடுபேனாவா? கொழும்பில் வெளியே இருந்து வரைய எது தோது

பேரே வாவிக் கரையில் ஒரு கூழைக்கடா கம்பத்தின்மேல் அமர்ந்துவிட்டால் ஆற அமர வரைய இடம் கொடுக்கும். பெத்தகான ஈரநிலப் பூங்காவில் புல்லுக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழியோ வாலை வெட்டி வெட்டி, நீங்கள் மூடியைக் கழற்றுவதற்குள் மறைந்துவிடும். எந்தப் பேனா என்பதை முதலில் இந்தப் பறவைகளும், அடுத்து கொழும்பின் ஈரக் காற்றும் தீர்மானிக்கின்றன. விலை அதற்குப் பிறகுதான்.

கட்டடங்களுக்குப் பைன்லைனரை, அதாவது மெல்லிய நார்முனைப் பேனாவை, மிஞ்ச எதுவுமில்லை. புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலின் வரிவரியான சுவரை வரைய, ஒரே தடிப்பில் போகும் கோடுதான் வேண்டும். பிக்மா மைக்ரோன் என்ற பைன்லைனர் வகையில் 01 என்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும். மை, நுண்ணிய வண்ணத்தூள் கலந்த நிறமி மை என்பதால் காய்ந்தபின் நீர் வண்ணம் பூசினாலும் கரையாது. சிக்கல் முனையில்தான். சொரசொரப்பான தாளில் அழுத்தி வரைந்தால் முனை மழுங்கி, 01 வாங்கிய பேனா சில நாட்களிலேயே 03 போலக் கோடு போடும். வியர்வையோ தேங்காயெண்ணெயோ பட்ட தாளில் மை பிடிக்காமல் கோடு விட்டுவிட்டுப் போகும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் இது தீரும். பென்சில் கோட்டை அழிக்கும்போது மேலிருக்கும் மையும் கொஞ்சம் வெளிறும். ஆகவே கறுப்பை அழுத்த வேண்டிய இடங்களை அழித்தபிறகே அழுத்துங்கள்.

பறவைக்கு ஊற்றுப்பேனாவே எங்கள் தெரிவு. கூழைக்கடாவின் அலகு நுனியிலிருந்து தொண்டைப் பை வழியாக வளைந்த கழுத்துவரை ஒரே இழுப்பில் கொண்டுபோக, அழுத்தாமலே மை ஓடும் நிப் வேண்டும். பைன்லைனர் முனை அப்படி வேகமாக இழுத்தால் காய்ந்து தேய்கிறது. ஜப்பானிய எஃப் (மெல்லிய கோட்டு) நிப், ஐரோப்பிய எஃப்பைவிட மெல்லியது. பெரும்பாலான நிப்புகளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் இன்னும் மெல்லிய கோடு வரும். அலகின் மேலுள்ள புள்ளிகளுக்கு அது உதவும்.

ஆனால் மையில் தவறினால் பேனா பாழ். இந்தியன் மையில் அரக்குப் பசை உண்டு. அது நிப்புக்கு மை கொண்டுவரும் ஊட்டுக் குழாயில் இறுகினால் கழுவியும் போகாது. கரையாத கோடு வேண்டுமானால் ஊற்றுப்பேனாவுக்கென்றே செய்த நிறமி மையை, உதாரணமாக பிளாட்டினம் கார்பன் கறுப்பை, மட்டும் ஊற்றுங்கள். அதையும் வாரக்கணக்கில் தொடாமல் விடக்கூடாது. மாதமொருமுறை வெறும் தண்ணீரால், அது தெளிவாக வெளிவரும்வரை அலசுங்கள். வெயிலில் நின்ற ஓட்டோவுக்குள் பாதி காலியான பேனாவை வைத்தால், உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிந்து மையை வெளியே தள்ளும். அதனால் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலிசெய்தோ, நிப் மேலே இருக்கும்படி கொண்டுசெல்லுங்கள்.

சாதாரண கரையும் மைக்கும் ஓர் இடமுண்டு. வெள்ளைக் கொக்கை வெள்ளையாகவே விட்டு, பின்னணிப் புதரைக் கோடுகளால் இருட்டாக்கி, ஈரத் தூரிகையால் ஒருமுறை இழுத்தால் கோட்டு மை சாம்பல் நிறமாகக் கசிந்து கொக்கு தானாக எழுந்து நிற்கும். ஒரே பேனாவில் நிழலும் கிடைக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை திடீரென வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாலு துளி விழுந்தால் படமே போய்விடும்.

போத்தல் மையில் தோய்த்துத் தோய்த்து வரையும் தொடுபேனாவின் கோட்டழகு மற்ற இரண்டுக்கும் வராது. அழுத்தம் கூடக்கூடக் கோடு தடிக்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும்போது அந்த இறகு நுனிகளுக்கு இதுதான் பொருத்தம். ஆனாலும் காலிமுகத்திடல் காற்றில் மைப்போத்தலோடு உட்காருவது வேண்டாம். மர நிழலில், போத்தலைக் களிமண் பசையால் பலகையில் ஒட்டிவிட்டு உட்காருங்கள். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சவர்க்காரத்தால் கழுவாவிட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். நிப்பின் துளைக்கு மேலே தோய்க்காதீர்கள், சொட்டிவிடும். உப்புக் காற்று பட்ட நிப் ஓரிரு நாளில் துருப்பிடிக்கும். ஆதலால் அங்கேயே துடைத்துக் காயவையுங்கள்.

எந்தப் பேனாவானாலும் தாள் வழவழப்பாக, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில் இருக்கட்டும். ஈரம் குடித்த தாளில் மை நார்வழியே பரவிக் கோடு மயிர்க்கால் விடும். வழவழப்பான தாளில் அதே மை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கிக் காயப் பிந்தும். வண்ணம் பூசுமுன் ஐந்து நிமிடமாவது பொறுத்து, ஓரத்திலுள்ள ஒரு கோட்டை ஈரவிரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். கொப்பியைச் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சணம் வராது.