பிக்கப் வண்டி பிரேக் ரீகால்: சர்வீஸ் சென்டர் அனுபவம் (வேலை சுத்தம், பேச்சு சரியில்ல)

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய்கறி லோடு அடிக்கிற டீசல் பிக்கப் ஒண்ணு வச்சிருக்கேன், 2021 மாடல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. அதுக்கு கம்பெனி பிரேக் சம்பந்தமா ரீகால் விட்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது. தெரிஞ்சப்பறம் சர்வீஸ் சென்டர்ல விட்டு மாத்தி எடுக்கறதுக்குள்ள என்னென்ன நடந்துச்சுன்னு எழுதறேன். கம்பெனி பேரையும் சென்டர் பேரையும் போடல, எந்த கம்பெனி பிக்கப் வச்சிருந்தாலும் இது உங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல ரீகால்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா பேப்பர்ல "வாகனங்களை திரும்பப் பெறுகிறது"ன்னு போடறத பாத்துட்டு எங்க ஸ்டாண்டுலயே பாதி பேரு வண்டிய கம்பெனி எடுத்துக்கிட்டு காசு குடுத்துருவான்னு நினைச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்ல. ஒரு குறிப்பிட்ட மாசத்துலேந்து குறிப்பிட்ட மாசம் வரைக்கும் தயாரான வண்டிகள்ல ஒரு பார்ட்ல கோளாறு இருக்கலாம்னு கம்பெனிக்கே தெரிஞ்சா அந்த வண்டிய எல்லாம் சர்வீஸ் சென்டருக்கு வரச்சொல்லி ஓசில பாத்து மாத்திக் குடுப்பாங்க, அவ்வளவுதான். 2021 ஜூலைல மஹிந்திரா இப்படித்தான் 29,878 பிக்கப் வண்டிகள கூப்பிட்டாங்க, 2020 ஜனவரிலேந்து 2021 பிப்ரவரி வரைக்கும் தயாரான வண்டி, ஃப்ளூயிட் பைப் சரியா மாட்டாம இருக்கலாம்னு சந்தேகம். என் வண்டி அது இல்ல, எவ்வளவு வண்டி இதுல வரும்னு புரியட்டுமேன்னு சொல்றேன்.

என் கதைக்கு வர்றேன். கொடைக்கானல் மேல மன்னவனூர், பூம்பாறை பக்கம் கேரட்டும் பீன்ஸும் ஏத்திக்கிட்டு பெருமாள்மலை வந்து பழனி ரோட்டுல இறங்கி ஒட்டன்சத்திரம் போறது வழக்கம். வண்டிய பெரும்பாலும் என் மச்சான்தான் ஓட்டுவான், அன்னிக்கு அவனுக்கு காய்ச்சல்னு நான் ஓட்டுனேன். பெருமாள்மலை தாண்டி இறக்கத்துல ஒரு வளைவுல பிரேக்க மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது. உள்ள போகவே மாட்டேங்குது. ஃபுல் லோடு. செகண்ட் கியர்ல இருந்ததால தப்பிச்சேன், ரெண்டு காலயும் வச்சு மிதிச்சு, ஃபர்ஸ்ட்டுக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா தூக்கி, மலைப்பக்கமா ஒதுக்கி ஒரு பலாமரத்துக்கிட்ட நிப்பாட்டுனேன். கை கால் நடுங்கி இறங்கவே முடியல, பத்து நிமிஷம் அப்படியே ஸ்டியரிங்க புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். பெடல் உள்ள போயிருந்தா ஆயில் லீக்குன்னு தெரியும், இது கல்லா நிக்கவும் என்ன ஏதுன்னே புரியல.

அதுக்கப்பறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பெட்ரோல் வண்டில பிரேக் பூஸ்டருக்கு (நம்ம மிதிக்கற பலத்த கூட்டிக் குடுக்கற பார்ட்) வேண்டிய வேக்கம், அதாவது காத்த உறிஞ்சி எடுத்த வெற்றிடம், இஞ்சின் காத்து இழுக்கற இடத்துலயே கிடைச்சிடும், டீசல்ல அது பத்தாது, அதனால தனியா ஒரு வேக்கம் பம்ப் வச்சிருப்பாங்க, அங்கேந்து பூஸ்டருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் போகும். அந்த ஹோஸ்ல விரிசல் விட்டாலோ கிளாம்ப் லூசானாலோ வேக்கம் நிக்காது, பூஸ்டர் வேலை செய்யாது, பிரேக் புடிக்கும் ஆனா நம்ம கால் பலத்துல மட்டும்தான் புடிக்கும். லோடு வண்டிய வெறும் கால் பலத்துல நிறுத்தறதுன்னா என்னன்னு நிறுத்துனவனுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, இஞ்சின ஆஃப் பண்ணிட்டா வேக்கம் பம்ப்பும் நின்னுரும், ரெண்டு மூணு மிதியிலயே பூஸ்டர்ல மிச்சம் இருக்கறதும் தீர்ந்துரும். டீசல் மிச்சம் பண்றேன்னு மலை இறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணிட்டு உருட்டற பசங்க இருக்காங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன், அத மட்டும் செய்யாதீங்க தம்பிங்களா.

பழனில வெளி மெக்கானிக் ஒருத்தரு பாத்து கிளாம்ப் லூசா இருக்குன்னு டைட் வச்சு குடுத்தாரு, நல்லாவும் ஆயிருச்சு. விசயம் அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு மூணு வாரம் ஓட்டிட்டேன். அப்பறம் மார்க்கெட்ல டீ குடிக்கறப்ப இதே மாடல் வச்சிருக்க ஒரு தேனி அண்ணன்ட்ட இத சொன்னேன், அவரு டம்ளர கீழ வச்சுட்டு "யோவ், அதுக்கு கம்பெனி ரீகால் விட்டிருக்கான்யா, எனக்கு லெட்டர் வந்து ஹோஸ மாத்தியே மாசக்கணக்காச்சு"ங்கறாரு. எனக்கு அப்படியே திக்குனு ஆயிருச்சு. லெட்டர் ஏன் எனக்கு வரல? வண்டிய முதல்ல எடுத்தவரு பேருக்கும் நம்பருக்கும் போயிருக்கு. நான் ஆர்சில பேரு மாத்திட்டேன், ஆனா கம்பெனி கம்ப்யூட்டர்ல இன்னும் பழைய ஓனர் பேருதான். செகண்ட் ஹேண்ட் வண்டி எடுக்கற எல்லாருக்கும் இந்த ஓட்டை இருக்கு, நீங்களா போய் கேட்டாதான் உண்டு.

எப்படி பாக்கறதுன்னா கம்பெனி சைட்ல ரீகால் செக் பண்றதுக்குன்னு ஒரு பக்கம் வச்சிருப்பாங்க, அதுல சேசிஸ் நம்பர் போடணும். 17 எழுத்து, ஆர்சிலயே இருக்கும். நான் போட்டப்ப "இந்த வண்டிக்கு ரீகால் இல்ல"ன்னு வந்துச்சு! நிம்மதியா விட்டிருப்பேன், தேனி அண்ணன் சொன்னது மனசுல உறுத்திக்கிட்டே இருந்ததால வண்டிக்கு அடியில குனிஞ்சு சேசிஸ்ல அடிச்சிருக்கற நம்பர வேஸ்ட் துணில மண்ண தொடச்சு டார்ச் அடிச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். அப்பதான் புரிஞ்சுது, நான் பூஜ்யத்துக்கு பதிலா இங்கிலீஷ் 'ஓ' போட்டிருக்கேன். சேசிஸ் நம்பர்ல 'ஐ', 'ஓ', 'க்யூ' இந்த மூணு எழுத்தும் வரவே வராது, ஒண்ணு பூஜ்யம்னு குழம்பக்கூடாதுன்னு உலகம் பூரா அப்படித்தான் வச்சிருக்காங்க. பூஜ்யம் போட்டு அடிச்சதும் செவப்பு எழுத்துல வந்துருச்சு, பிரேக் வேக்கம் ஹோஸ் மாத்தணும்னு. அந்த ஒரு எழுத்துல நான் பாட்டுக்கு இன்னும் மலை ஏறி இறங்கிட்டு இருந்திருப்பேன்.

இப்ப சர்வீஸ் சென்டர் கதை. முதல் தடவை போன் பண்ணாம நேரா போயிட்டேன், அது என் தப்பு. காலைல 9 மணிக்கு போய் ரீகால் வேலைன்னு சொன்னா கவுண்டர்ல இருந்த சர்வீஸ் அட்வைசர் "ஹோஸ் ஸ்டாக் இல்ல சார், ஆர்டர் போட்டு சொல்றோம்"னாரு. சரிங்க, அதுவரைக்கும் வண்டிய ஓட்டலாமா கூடாதான்னு கேட்டேன். நான் கேட்டது அந்த ஒரே ஒரு கேள்விதான். "பாத்து ஓட்டுங்க சார்"ங்கறாரு. பாத்து ஓட்டறதுன்னா என்னங்க? ஹோஸ இப்பவே கழட்டிப் பாத்து விரிசல் இருக்கா இல்லயான்னு சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகுமா? மேனேஜர பாக்கணும்னு நின்னேன், அரை மணி நேரம் கழிச்சு வந்தாரு, அவரும் அதையேதான் சொன்னாரு. பிரேக் விசயத்துல ஒரு மனுசன் வந்து பயந்துபோய் கேக்கறான், ஓட்டாதீங்கன்னோ ஓட்டலாம்னோ தெளிவா ஒரு வார்த்தை சொல்றதுக்கு அங்க ஒருத்தரும் இல்ல, இதுக்குத்தான் எனக்கு இன்னும் ஆறல.

நான் மலைக்கு அனுப்பறத நிறுத்திட்டேன். பத்து நாள் கீழயே தொப்பம்பட்டி, கள்ளிமந்தையம் பக்கம் முருங்கை, தக்காளின்னு கம்மி லோடு மட்டும் ஓட்டுனோம், மலை வாடகை போச்சு, அந்த மாச ட்யூ கட்ட வீட்ல நகைய வச்சோம். ரீகால்ல பார்ட் ஓசி, வேலை ஓசி, ஆனா வண்டி நின்ன நாளுக்கு யாரும் ஒரு ரூவா குடுக்கல. கார் வச்சிருக்கவங்களுக்கு ஒரு நாள் சிரமம், எங்களுக்கு அது சோறு.

பார்ட் வந்துருச்சுன்னு போன் வந்து போனப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஜாப் கார்டுல ரீகால் வேலையோட "ஜெனரல் செக்கப், பிரேக் ஆயில் மாத்தறது"ன்னு சேத்து 1,850 ரூவா எஸ்டிமேட் போட்டு கையெழுத்து போடச் சொன்னாங்க. கேட்டா, சர்வீஸ் ட்யூ ஆயிருச்சு, சேத்து பண்ணாதான் வண்டிய உள்ள எடுப்போம்னாங்க. நான் சத்தம் போடல. ரீகால் ஓசின்னு கம்பெனி சைட்லயே போட்டிருந்த பக்கத்த போன்ல எடுத்து காட்டுனேன், சர்வீஸ் அடுத்த மாசம் பண்ணிக்கறேன், இன்னிக்கு ஹோஸ் மட்டும் மாத்துங்க, முடியாதுன்னா முடியாதுன்னு இந்த ஜாப் கார்டுலயே எழுதி குடுங்கன்னு சொன்னேன். எழுதித் தரச் சொன்னதும் எஸ்டிமேட்ட கிழிச்சுட்டு புதுசா ஜீரோ பில் போட்டாங்க. இத மனசுல வச்சுக்கங்க, வாயில சொல்றத எழுத்துல கேளுங்க. அங்கயும் நடக்கலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 இருக்கு, நான் அந்த நம்பர ரெடியா வச்சிருந்தேன், தேவைப்படல.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்துனப்ப 110ஏ பிரிவுன்னு ரீகாலுக்குன்னே ஒண்ணு சேத்தாங்க, அதுக்கான ரூல்ஸ் 2021 ஏப்ரல் 1லேந்து நடைமுறைல இருக்கு. 7 வருஷத்துக்கு உள்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும், கம்பெனி தானா செய்யாம கவர்மெண்ட் ஆர்டர் போட வேண்டி வந்தா 10 லட்சத்துலேந்து 1 கோடி வரைக்கும் அபராதம். அதுக்கு முன்னாடி 2012லேந்து வண்டி கம்பெனிகளோட சங்கம் சியாம் சொன்னபடி அவங்களா விருப்பப்பட்டு செய்யறதா இருந்துச்சு. ஓனர் மாறிட்டா தகவல் எப்படி போகணும்ங்கறதுக்கும் கண்டிப்பா ஒரு வழி செய்யணும்னு நான் நினைக்கறேன், ஆர்சி மாத்தறப்பவே ஆர்டிஓ ஆபீஸ்ல பாக்கி ரீகால் இருக்கான்னு காட்டுனா எத்தன உசுரு தப்பிக்கும்.

இனி நல்லத சொல்றேன், அத சொல்லாம விட்டா பாவம். உள்ள வேலை பாத்த பெரியவரு, வயசு அறுபது இருக்கும், என்ன பக்கத்துலயே நிக்க விட்டாரு. பழைய ஹோஸ கழட்டி என் கைல குடுத்தாரு. பாக்க புதுசு மாதிரி கருப்பா பளபளன்னு இருந்துச்சு. "இப்ப பாருங்க தம்பி"ன்னு கிளாம்ப் உக்காந்திருந்த எடத்துக்கிட்ட லேசா வளைச்சாரு, உள்பக்கமா மெல்லிசா ஒரு கோடு வாய் தொறந்துச்சு, விட்டா மூடிக்குது. இஞ்சின் சூட்டுல ரப்பர் இளகறப்ப அது தொறந்துக்கும், ஆறுனா மூடிக்கும், அதனாலதான் பழனி மெக்கானிக்குக்கு தெரியல. அவர நான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன், அவரு மேல தப்பு இல்ல. பெரியவரு புது ஹோஸ், புது கிளாம்ப், பூஸ்டர் வாய்ல இருக்கற ஒன்வே வால்வு மூணும் மாத்துனாரு, முக்கா மணி நேரம்தான் ஆச்சு. பழைய பார்ட்ட கம்பெனிக்கு திருப்பி அனுப்பணுமாம், டேக் கட்டி பொட்டில போட்டுட்டாரு, நான் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

அவரு சொல்லிக் குடுத்த ஒரு டெஸ்ட் இருக்கு, இத எல்லாரும் செய்யுங்க. இஞ்சின் ஆஃப்ல பிரேக் பெடல அஞ்சாறு தடவை மிதிங்க, பெடல் கெட்டியாகும். அப்படியே மிதிச்சு புடிச்சுக்கிட்டு இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்கு கீழ கொஞ்சம் தானா இறங்கணும். இறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கலயா, வண்டிய எடுக்காதீங்க. என் மச்சான் இப்ப தினமும் காலைல இத பண்ணிட்டுதான் கேட்ட விட்டு எடுக்கறான்.

ஜாப் கார்டுல ரீகால் வேலை முடிஞ்சதுன்னு எழுதி, சேசிஸ் நம்பரும் தேதியும் போட்டு சீல் வச்சு வாங்குங்க, நாளைக்கு வண்டிய விக்கறப்பவும் அது பேசும். அப்படியே அவங்க கம்ப்யூட்டர்ல ஓனர் பேரையும் போன் நம்பரையும் உங்களதா மாத்தச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை, நான் நின்னு மாத்த வச்சேன்.

மார்க்குன்னு கேட்டா, ஒர்க்‌ஷாப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு. கவுண்டருக்கு ஒண்ணரை. மாத்தி எடுத்து மறுநாளே மன்னவனூர்லேந்து ஃபுல் லோடோட நானே இறக்கிட்டு வந்தேன், அதே வளைவுல பெடல் மெத்துனு உள்ள போச்சு, பலாமரத்த தாண்டறப்ப தொண்டை அடைச்சுக்கிச்சு.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. முதல் ஓனருக்கு போன் போட்டேன், லெட்டர் வந்துச்சு தம்பி, வித்த வண்டிதானேன்னு போட்டுட்டேன்னாரு. அவரு அதே வாரத்துல அதே மாடல் ரெண்டு வண்டி எடுத்திருக்காரு, இன்னொண்ண போடிமெட்டு ஏறி இறங்கற ஏலக்கா வியாபாரி ஒருத்தருக்கு வித்திருக்காரு. நம்பர் வாங்கி அவர்ட்ட பேசிட்டேன், அவரும் சேசிஸ் நம்பர போட்டுப் பாத்துட்டு உடனே திருப்பி கூப்பிட்டாரு, அவரு வண்டியும் ரீகால்ல இருக்கு. செவ்வாக்கிழமை விடறதா சொல்லிருக்காரு, அதுவரைக்கும் மலை ஏறாதீங்கண்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன். அன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணி கேக்கணும்.