பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு ஹார்ட் வீக் ஆகுமான்னு பாக்க எக்கோவா, பிஎன்பியா, ஈசிஜியா?

அப்பாவுக்கு கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், அதாவது மேலறை சிக்னல் கீழறைக்கு இறங்கவே இறங்காது, பேஸ்மேக்கர் வெச்சு நாலு வருஷம் ஆச்சு. லீடு, அதாவது பேஸ்மேக்கரோட ஒயர், வலது கீழறைல இருக்கு, ஒவ்வொரு துடிப்பும் அங்கருந்தே கிளம்புறதால இடது பக்கம் கொஞ்சம் லேட்டா சுருங்குது, வருஷக்கணக்கா இப்படியே போனா சில பேருக்கு தசை தளர்ந்துடும். எல்லாருக்கும் இல்ல. அந்த சில பேர்ல அப்பா இருக்காரான்னு பாக்கத்தான் நாலு டெஸ்ட்டுக்கும் அலைஞ்சேன்.

முதல்ல பேஸிங் பர்சென்ட், அதாவது நூறு துடிப்புல எத்தனைய பேஸ்மேக்கர் கீழறைல கிளப்புதுங்கற கணக்கு. டிவைஸ் செக்கப்ல சொல்லிடுவாங்க, தனி செலவில்ல. 2003ல மோஸ்ட் (MOST)ங்கற பேஸ்மேக்கர் ஆய்வோட டேட்டாவ வெச்சு 40 சதவீதம் தாண்டினா ரிஸ்க்னாங்க, அப்புறம் 20ன்னே சொல்ல ஆரம்பிச்சாங்க. சைனஸ் நோடு (துடிப்பு ஆரம்பிக்கிற இடம்) பிரச்னைக்காரங்களுக்கு நல்ல நம்பர் இது, செட்டிங் மாத்தி குறைக்கவும் முடியும். அப்பாவுக்கு போன வருஷமும் 99, இந்த வருஷமும் 99, இதுல என்னத்த கணிக்கிறது?

பிஎன்பி ரத்த டெஸ்ட், ஹார்ட் திணறினா ஏறுற ஒரு பொருள பாக்குறது, ஆனா அது வயசுக்கும் ஏறும், கிட்னி டல்லானாலும் ஏறும். ஒரே ஒரு தடவதான் எடுத்தோம், அதனால இதுல என் பேச்ச ரொம்ப நம்பாதீங்க.

எக்கோ இல்லாம முடியாது, ஒத்துக்குறேன். ஈஎஃப், அதாவது இடது கீழறை ரத்தத்துல ஒரு துடிப்புக்கு வெளிய போற சதவீதம், 10 பாயின்ட் இறங்கி 50க்கு கீழ போய், வேற காரணமும் இல்லன்னாதான் பேஸிங்கால வந்ததுன்னே பொதுவா சொல்லுவாங்க. ஆனா அப்பாவுக்கு 60, அடுத்து 53, அடுத்து 58, மூணும் மூணு பேர் பாத்தது, நடுவுல அந்த 53ஐ பாத்துட்டு அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. தசை எவ்ளோ சுருங்குதுன்னு அளக்குற ஸ்ட்ரெயின் எக்கோ ஈஎஃப் விழறதுக்கு முன்னாடியே காட்டிடும்ங்கறாங்க, நாங்க எடுத்ததில்ல.

என் ஓட்டு ஈசிஜிக்குத்தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, வெச்ச மறுநாளே கைல கிடைக்கும், அப்புறம் யார் எடுத்தாலும் பழசு பக்கத்துல வெச்சு ஒப்பிடலாம். பேஸிங் கோடு குத்தின உடனே வர்ற க்யூஆர்எஸ், அதாவது கீழறைங்க சுருங்குறதுக்கான அலை, எவ்ளோ அகலம்னு பாக்கணும், வழக்கமான ஸ்பீடுல ஒரு சின்ன கட்டம் 40 மில்லி செகண்ட். 150 தாண்டினா கவனிக்கணும்கறாங்க, அதாவது நாலு கட்டத்துக்கு துளி கம்மி. அகலம் கூட கூட ரெண்டு பக்கமும் சேராம சுருங்குதுன்னு அர்த்தம். அப்பாவுக்கு நாலரை கட்டம் கிட்ட, 176ன்னு மெஷினே போட்டிருந்துச்சு, அத காட்டினதும்தான் டாக்டர் வருஷத்துக்கு ஒரு எக்கோவ ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தினார். அகலமா இருந்தும் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாதவங்க நிறைய பேர் உண்டு, அப்பாவும் இதுவரைக்கும் அந்த லிஸ்ட்லதான்.

இனிமேதான் வெக்கப் போறீங்கன்னா லெஃப்ட் பண்டில் (இடது கீழறைக்கு சிக்னல் போற இயற்கையான பாதை) பக்கம் லீடு வெக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, க்யூஆர்எஸ் குறுகலாவே வரும், எங்க காலத்துல எங்களுக்கு கேக்கத் தெரியல. முதல் ஈசிஜிய மட்டும் அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, அந்த பேப்பர் மங்கிடும், எங்களோடதுல இப்பவே பாதி கோடு தெரியல.