நிலாவெளியில் மீன்பிடிப் போட்: கூட வரும் பெடியனுக்கு எவ்வளவு கொடுப்பது?

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் திருகோணமலைப் பக்கம் இறங்கினால், அரைநாள் தூண்டில் போட ஒரு போட் பிடிக்காமல் திரும்புவதில்லை. நாங்களும் இந்தக் கோடையில் நிலாவெளியில் போனோம். சித்திரை முதல் புரட்டாதி வரை அந்தக் கடல் நல்ல அமைதி. வாடைக்காற்று தொடங்கினால் போகவே வேண்டாம். வாடகை பற்றியும் மீன் பற்றியும் சொல்ல ஆள் இருக்கிறது. போட்டில் வேலை செய்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொழிலுக்குப் போகும் போட்டில் பங்கு முறை. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிச்சத்தைச் சம்மாட்டியும் (போட் சொந்தக்காரர்) தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். மீன் பட்டால் பெடியனுக்கும் காசு. எங்களை ஏற்றுகிற நாளில் அந்தப் பங்கு இல்லை. வாடகை சம்மாட்டிக்கு, அதில் கொஞ்சம் ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு, பெடியனுக்கு நாட்கூலி. எங்களுக்கு ஒழுங்கு செய்தவர் "எல்லாம் இதுக்குள்ள அடக்கம்" என்றார். கடலில் வைத்துக் கேட்டபோது பெடியன், "எனக்குக் கூலி மட்டும்தான் அண்ணை" என்றார்.

அவர் செய்த வேலையைச் சொல்லவேண்டும். கணவாயைத் துண்டுபோட்டு இரை கோர்த்தார், சிக்கெடுத்தார், கடலடிப் பாறையில் மாட்டிய தூண்டில்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி இரண்டு விரலில் மாட்டியிருந்தார். தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) இழுத்து இழுத்து அந்த ரப்பரிலேயே பள்ளம் விழுந்திருந்தது. மகளின் தூண்டிலில் ஒரு பாரை மீன் பட்டபோது அவர் தங்கூசியைத் தொடவே இல்லை. பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விடாத தங்கச்சி, மெதுவா, மெதுவா" என்று அவளையே இழுக்க வைத்தார்.

ஒன்ராறியோ ஏரியில் சால்மன் மீன் பிடிக்கப் போனால் வாடகையில் 15 முதல் 20 வீதம் கைக்காசாக (டிப்ஸ்) கொடுப்பது வழக்கம். ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை: "நீங்கள் அள்ளிக் குடுத்திட்டுப் போயிடுவியள், பிறகு எங்களுக்கு விலை ஏறும்." அவர் சொல்வது நியாயம். வாடகையில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது என் முடிவு. ஓட்டுகிறவரே சம்மாட்டி என்றால் முழுவதும் பெடியனுக்கு. அவரும் கூலிக்கு வந்தவரென்றால் இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள். கரையில் நிற்கும் ஒழுங்குகாரரிடம் கொடுக்காதீர்கள், அவரவர் கையில் கொடுங்கள். நிலாவெளியில் நாங்கள் போன இடத்தில் இறங்குதுறை இல்லை; மணலில் போட்டைத் தள்ளி இறக்க நாலைந்து பேர் ஓடிவருவார்கள். அவர்களுக்கும் தேத்தண்ணிக் காசாவது கொடுக்கவேண்டும்.

வாடகையை அடித்துக் குறைத்துவிட்டுக் கடைசியில் கைக்காசு கொடுப்பதில் பயனில்லை. 2022 ஆவணியில், போட் எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. எண்ணெய்ச் செலவில் சம்மாட்டி குறைக்க ஒன்றுமில்லை, கூலியில்தான் கைவைப்பார்.

தாள்களை முதல்நாளே மாற்றி வையுங்கள். விடியற்காலைக் கடற்கரையில் 5000 ரூபாய்த் தாளுக்கு யாரிடமும் சில்லறை இராது. கனடாச் சில்லறைக் குத்திகளையும் கொடுக்காதீர்கள், அவற்றைக் காசு மாற்றும் கடைகளில் எடுக்கமாட்டார்கள். பிடித்த மீன் யாருக்கு என்பதை ஏறமுன்பே பேசிவிடுங்கள். நாங்கள் ஒரு பாரையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர்களிடம் விட்டோம், ஆனால் அதைக் கைக்காசில் கழிக்கவில்லை.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றியுள்ள கடல் 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டில் போடச் சொல்லிக் காசு காட்டாதீர்கள், பிடிபட்டால் வழக்கு அவர்கள் தலையில்தான் விழும். விமானநிலையத்தில் வாங்கிய போத்தலை நீட்டுகிற பழக்கமும் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தப் பெடியன் மறுநாள் இருட்டோடு திரும்பக் கடலுக்குப் போகவேண்டியவர். காசாகவே கொடுங்கள்.