"விறைப்பை உடைச்சுத் தர்றோம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் கவனம்

தலையில் பலத்த அடிபட்டு, கை கால் விறைத்த நிலையில் வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. பைக் விபத்து, பையனின் வலது முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. "இத்தனை சிட்டிங்கில் கை நிமிர்ந்துவிடும்" என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் கேட்கவில்லை, மூட்டு எத்தனை டிகிரி விரிகிறது என்று அளக்கவில்லை. வெடுக் வெடுக்கென்று இழுத்தார். பேச முடியாத பையன் முகம் சுளித்து வியர்த்தபோது, "வலிச்சாத்தான் நரம்பு முழிக்கும்" என்றார். முழங்கை வீங்கிச் சூடானது. அப்போதும் ஒத்தடம் கொடுத்து இழுத்தார். கடைசியில் எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றிப் புதிதாக எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

வர்மத்தின் பெயரைச் சொல்லியும் சிலர் இதையே செய்கிறார்கள். அந்த வைத்தியத்துக்கும் இந்த முரட்டு இழுப்புக்கும் சம்பந்தமில்லை.

மூளைக்காயத்தால் வரும் விறைப்பு வேகத்துக்கு எதிர்வினை காட்டும். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாக விரித்து, பிடிக்கிற இடத்தில் நிறுத்திக் காத்திருந்தால் கொஞ்சம் இளகும். பிறகு அடுத்த சிறு தூரம். எட்டிய இடத்தில் 30 வினாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை பிடிக்க வேண்டும். மடங்கிய விரல்களை நேராகப் பிடுங்கக் கூடாது. முதலில் மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள், விரல்கள் தானே தளரும். கட்டைவிரலை அடியில் பிடித்து விரித்து, மற்ற விரல்களையும் திறந்த பிறகே மணிக்கட்டை நிமிர்த்துங்கள். கணுக்காலுக்குக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக் கீழே இழுக்க வேண்டும். கால்விரல் பக்கம் மட்டும் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும். கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு விலகும்.

இழுப்பு மட்டும் போதாது. நாள்முழுக்க சரியாகப் படுக்க, உட்கார வைப்பதும், மூட்டை விரித்த நிலையில் தாங்கும் பட்டையான ஸ்பிளின்டும் சேர்ந்தால்தான் பலன். புது ஸ்பிளின்டை முதல்நாள் அரைமணியில் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு இன்னொரு அரைமணியில் மறையாவிட்டால் அது அழுத்துகிறது, சரிசெய்ய வேண்டும். விறைத்த தசையை இளக்கப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று மாதம். பயிற்சியை விடாமல் செய்ய வேண்டிய காலம் அதுதான்.

விறைப்பு திடீரென்று கூடினால் "வாயு" என்பார்கள். மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், மடங்கிய யூரின் டியூப் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். விறைப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையை வீட்டுக்கு வருகிறவர் நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். குறைப்பதென்றால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

மூட்டு வீங்கிச் சூடாகி, முந்தைய வாரத்தைவிடக் குறைவாக விரிந்தால் இழுப்பை அன்றே நிறுத்திவிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். மூட்டைச் சுற்றி வளரும் எலும்பு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். கால்களில் ரத்தம் உறைந்தாலும் இதே வீக்கம் வரும், அதனாலும் தாமதிக்கக் கூடாது.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பிசியோதெரபி இலவசம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியலாம். தனியாரை அழைத்தால் அன்றன்றைக்குப் பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏமாந்தவர்கள் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம்; ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, எக்ஸ்ரே எதையும் அழித்துவிடாதீர்கள்.