ஜாக்ஸா, ஸ்டானா: ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது?

புள்ளியியல் கணிப்பில் மேற்படிப்பு படிப்பவர்கள் பேய்சியன் மாடல் (முன்கூட்டிய ஊகத்தைத் தரவால் திருத்தி, விடையை ஒரு நிகழ்தகவுப் பரவலாகத் தருவது) எழுத உட்கார்ந்ததும் வரும் கேள்வி இது: அதை ஓட்டும் மென்பொருள்களில் ஜாக்ஸ் போதுமா, ஸ்டானுக்குப் போகவேண்டுமா? நான் ஸ்டானுக்குப் போய்விட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டும் இலவசம், இரண்டையும் ஆர் நிரல்மொழியிலிருந்தே ஓட்டலாம். ஜாக்ஸ், 1989-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய பக்ஸ் என்ற பேய்சியன் மென்பொருள் திட்டத்தின் வழி வந்தது. அது ஓடுவது பெரும்பாலும் கிப்ஸ் சாம்பிளிங்கில்: அளவுருக்களை, அதாவது மாடல் கண்டுபிடிக்கவேண்டிய எண்களை, ஒவ்வொன்றாக நகர்த்தி விடைப் பரவலிலிருந்து மாதிரி எடுக்கும் முறை. 2012-ல் வெளியான ஸ்டான் ஓடுவது ஹாமில்டோனியன் மான்டே கார்லோவில்: பரவலின் சரிவைப் பார்த்து எல்லா அளவுருக்களையும் சேர்த்து ஒரு பாதையில் நகர்த்தும் முறை. ஸ்டான் மாடலை முதலில் சி பிளஸ் பிளஸ் நிரலாக்கி கம்பைல் செய்யும். அதற்குள் ஜாக்ஸ் சின்ன மாடலை ஓட்டியே முடித்திருக்கும். வகுப்புப் பயிற்சிக்கு ஜாக்ஸ் வசதிதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேகமல்ல. ஓட்டம் கெட்டுப்போனால் நமக்குத் தெரியவருமா என்பதுதான். பள்ளிவாரியாக மதிப்பெண், மருத்துவமனைவாரியாக இறப்பு விகிதம் என்று குழுக்களாகப் பிரிந்த தரவுக்குப் படிநிலை மாடல் எழுதுகிறோம்; அதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விளைவு, எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச் சராசரி. ஒவ்வொரு குழுவிலும் தரவு கொஞ்சம்தான் என்றால், குழுக்களுக்கு இடையிலான திட்டவிலக்கமான டௌ பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் போஸ்டீரியர் (தரவைப் பார்த்தபின் கிடைக்கும் பரவல்) புனல்போலக் குறுகிவிடும். கிப்ஸ் ஒவ்வொரு அளவுருவாகத்தான் நகர்த்தும். டௌ சிறிதானால் குழு விளைவுகள் சராசரியோடு ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்டியிருக்கும்வரை டௌவும் பெரிதாகாது. சங்கிலி, அதாவது அடுத்தடுத்து எடுக்கும் மாதிரிகளின் வரிசை, அங்கேயே சிக்கிக்கிடக்கும், அல்லது அந்தப் பக்கம் போகாமலே வெளியே சுற்றும். வழக்கமாக ஓட்டும் நான்கு சங்கிலிகளும் சேர்ந்து புனலின் அந்தக் கழுத்தைத் தவிர்த்துவிட்டால், சங்கிலிகள் ஒத்துப்போகின்றனவா என்று அளக்கும் ஆர்-ஹாட் சாதுவாக 1.00 (பிரச்சினை இல்லை) என்று காட்டும், சங்கிலி நகர்ந்த தடத்தை வரையும் டிரேஸ் பிளாட்டும் அழகாக இருக்கும். டௌ மட்டும் இருக்கவேண்டியதைவிடப் பெரிதாக வந்திருக்கும்.

ஸ்டானும் அங்கே தடுமாறும். ஆனால் சும்மா இருக்காது: பாதையைக் கணக்கிடுவதில் பிழை எல்லை மீறினால் 'டைவர்ஜென்ட் டிரான்சிஷன்' என்று எச்சரிக்கும். அந்தப் புள்ளிகளைப் படத்தில் போட்டால் கோளாறு எங்கே என்றுகூடப் பெரும்பாலும் தெரியும். அடாப்ட் டெல்டா என்ற அமைப்பை 0.8-லிருந்து 0.95-க்கு ஏற்றி, ஸ்டானை இன்னும் சிறு அடிகளாக நகரவைத்துப் பார்க்கலாம். அப்புறமும் போகவில்லையா? குழு விளைவை மியூ (பொதுச் சராசரி) கூட்டல் டௌ பெருக்கல் இசட் (குழுவுக்கு ஒன்றாக ஒரு புது அளவுரு) என்று பிரித்து எழுதி, இசட்டுக்கு நிலையான இயல்நிலைப் பரவல் கொடுங்கள். தரவு குறைந்த குழுக்களுக்கு இது பெரும்பாலும் வேலை செய்யும். தரவு நிறைய இருந்தால் இப்படிப் பிரிக்காத பழைய வடிவமே மேல்.

ஜாக்ஸ் நிச்சயமாக முந்தும் இடம் ஒன்று உண்டு. ஸ்டானில் முழு எண் அளவுரு கிடையாது; எல்லாச் சாத்தியங்களையும் நாமே கூட்டி அதை நீக்கவேண்டும். பல பரவல்களைக் கலந்து எழுதும் கலவை மாடலுக்கு இது ஓரிரு வரி வேலை. விலங்கைப் பிடித்து, அடையாளமிட்டு, மறுபடி பிடிக்கும் கணக்கெடுப்பு மாடல்களிலோ தலைவலி. ஜாக்ஸில் அதையே நேராக எழுதிவிடலாம். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு. உங்கள் ஆய்வேடு அந்த வகை என்றால் என் சாய்வைப் பொருட்படுத்தாதீர்கள்.