அப்பாவின் ஸ்டெண்டும் ஊர் மருந்துக்கடையும்

அவசரம் என்று வந்தால் நம் ஊரில் இப்போது வேலை நன்றாகவே நடக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, காரைக்குடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இசிஜி எடுத்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை விழுங்க வைத்துத்தான் மதுரைக்கு ஏற்றியிருக்கிறார்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் புண்ணியம். மதுரையில் அன்றைக்கே ஆஞ்சியோ செய்து, மருந்து பூசிய ஸ்டெண்ட் ஒன்று வைத்தார்கள். அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பி வலைக் குழாய்தான் ஸ்டெண்ட். ஒரு காலத்தில் லட்சத்தைத் தாண்டி விற்ற சாமான் அது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்த பிறகுதான் விலை கைக்கு எட்டியது.

குறை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

நான் சிங்கப்பூரிலிருந்து போய் இறங்கியபோது நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. ‘ரத்தம் இளக்குற மாத்திரை ரெண்டையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்’ என்று ஒரு பல் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு மாத்திரைகள் ஆஸ்பிரினும் டிகாக்ரெலரும். அதே வாரம் மருந்துக்கடையில் டிகாக்ரெலர் 90 ஸ்டாக் இல்லை என்று, குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சேர்ந்த கேப்சூலைக் கொடுத்து, ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றார்கள். ஒன்றில்லை. அப்பா ஆஸ்பிரினைத் தனியாகவும் போடுகிறார். மருந்தும் மாறி, ஆஸ்பிரினும் இரட்டிப்பாகியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால் ஸ்டெண்ட் ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருக்கிறது: 3 மி.மீ. விட்டம், 28 மி.மீ. நீளம். மாத்திரையைப் பற்றி ‘தொடரவும்’ என்று ஒரே வார்த்தை. ஏன், எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஓ.பி.யில் டோக்கன், நெடுநேரக் காத்திருப்பு, எல்லாம் வழக்கம்போல். ஆனால் இதய மருத்துவர் பொறுமைசாலி. பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு குழாயைப் படம் போட்டார்.

பலூனை விரித்து ஸ்டெண்டை அழுத்தும்போது ரத்தக்குழாயின் உள்தோல் கிழிபடுகிறது. உள்ளே வெறும் கம்பி வலை தெரிகிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அதைக் காயம் என்று நினைத்து ஒட்ட வரும். ஒட்டினால் ரத்தக்கட்டி, கட்டி வந்தால் மறுபடியும் மாரடைப்பு. உள்தோலான மெல்லிய எண்டோதீலியச் செல்கள் படர்ந்து கம்பியை மூடும்வரை இந்த ஆபத்து உண்டு. மருந்தில்லாத பழைய ஸ்டெண்டுகளில் இந்த மூடல் சீக்கிரம் நடந்தது. ஆனால் அடியில் உள்ள தசைச் செல்களும் சேர்ந்து தடித்து, பலருக்குக் குழாய் திரும்பவும் சுருங்கியது. அதைத் தடுக்கத்தான் சிரோலிமஸ் வகை மருந்தைப் பூசினார்கள். தசை வளர்ச்சி அடங்கியது, கூடவே உள்தோல் படர்வதும் தாமதமானது. முதல் தலைமுறை ஸ்டெண்டுகள் வைத்தவர்களில் சிலருக்கு ஓராண்டு கழித்தும் ரத்தக்கட்டி வந்து, 2006 வாக்கில் பெரிய சர்ச்சையே கிளம்பியது. இன்றைய ஸ்டெண்டுகளின் கம்பி அந்தக் காலத்து கம்பியில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான், பூச்சும் மேம்பட்டது, ஆறுவது துரிதம். ஆனாலும் அப்பாவுடையது மாரடைப்பில் வைத்தது. வெடித்த கொழுப்புப் படிவின் மேல், கட்டி உறைந்த இடத்தில் உட்கார்ந்த ஸ்டெண்ட் நிதானமாகத்தான் ஆறும். அதனால் பன்னிரண்டு மாதம் இரண்டு மாத்திரையும் வேண்டும் என்றார்.

‘நெஞ்சு இப்ப வலிக்கலையே டாக்டர், ஆறிருச்சுன்னுதானே அர்த்தம்?’ என்று அப்பா கேட்டார்.

‘ஐயா, ஆறுறது வலியில தெரியாது’ என்றார் அவர். இதைத்தான் டிஸ்சார்ஜ் அன்றே யாராவது தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கில் பில் போடும் இடத்துக்கு அரைப் பக்கத் தாள் பெரிய செலவா?

‘பல் எடுக்கலாம், மாத்திரை நிறுத்த வேண்டாம்’ என்று கடிதம் எழுதித் தந்தார். வேறொரு பல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, காலையிலேயே பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்க வைத்து, ரத்தக்கசிவை அடக்கும் டிரானெக்சாமிக் அமிலக் கரைசலில் வாய் கொப்பளிக்கச் சொன்னார். சாயங்காலம்வரை லேசாகக் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது.

டிகாக்ரெலரை இப்போது தம்பி மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஆர்டர் சொல்லி வாங்கி வைக்கிறான். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் டாக்டரைப் பார்த்து அதை நிறுத்துவதாகத் திட்டம். ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் தொடரும். புதிதாக வளர்ந்த உள்தோலிலும் வருடங்கள் போகப் போகக் கொழுப்பு படியுமாம்.