டிஜேஐ மினி 2 ஒரிஜினல் றெக்கை: விலை கூடத்தான், ஆனாலும்…

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலரிடம் இன்றும் ஒரு டிஜேஐ மினி 2 ட்ரோன் இருக்கும். 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தபிறகு, கையில் இருப்பதைப் பேணி ஓட்டுவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. நல்லவேளை, உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. மோட்டாரில் சுற்றும் றெக்கை, அதாவது புரொப்பல்லர், தாராளமாகக் கிடைக்கிறது. ஒரிஜினலும் உண்டு, அதில் பாதி விலைக்குப் பேர் தெரியாத செட்டும் உண்டு. இரண்டையும் மாட்டி ஓட்டியாகிவிட்டது.

மலிவு செட்டைப் பிரித்ததுமே விரலில் தட்டுப்பட்டது பிசிறு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் ஓரத்தை யாரும் சீவவில்லை. மடிப்பு மூட்டு ஒன்றில் இறுக்கம், இன்னொன்றில் லொடலொடப்பு. பறக்கத்தான் செய்தது. ஆனால் வழக்கமான சத்தத்துக்கு மேலே மெல்லிய ஒரு கீச்சொலி சேர்ந்துகொண்டது. அன்று எடுத்த காட்சியைக் கம்ப்யூட்டரில் போட்டால், மண்டபத்துத் தூண்கள் தண்ணீரில் நிழல் விழுந்த மாதிரி நெளிகின்றன. ஜெல்லோ என்போமே, அதுதான். கேமரா சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. றெக்கையின் எடை சமமில்லாமல் அதிர்வு ஏறும்போது ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சம் இடம் மாறிப் பதிகிறது. கேமராவை ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் கிம்பல் பெரிய ஆட்டத்தைச் சமாளித்துவிடும், இந்தப் பொடி நடுக்கத்தை அல்ல. எடிட்டிங்கில் சரிசெய்யப் போனால் பாதி ராத்திரி போய்விடும். ஒரிஜினலை மாட்டியதும் அந்தக் கீச்சொலியும் இல்லை, நெளிவும் இல்லை.

ஒரிஜினலில் எனக்குப் பிடிக்காதது ஸ்க்ரூ. டிஜேஐயின் இன்னொரு ட்ரோனான மேவிக் ஏர் 2 மாதிரி அழுத்தித் திருகினால் கழன்றுவரும் றெக்கை இதற்கு வராது. ஒரு மோட்டாருக்கு இரண்டு இதழ், இதழுக்கு ஒரு ஸ்க்ரூ. அளவோ அரிசி நொய்யை விடச் சற்றுப் பெரிது. புல்லில் விழுந்தால் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே வேட்டியோ துண்டோ விரித்து அதன்மேல் வைத்துத்தான் மாற்றுவேன். ட்ரோனோடு வந்த திருப்புளியையே பயன்படுத்துங்கள். மொபைல் ரிப்பேர் செட்டில் இருப்பதைப் போட்டால் தலை தேய்ந்துவிடும், அப்புறம் கழற்றவே முடியாது. றெக்கைப் பொட்டலத்திலேயே புது ஸ்க்ரூ வருகிறது, பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

இன்னொன்று, ஒரு இதழ் உடைந்தால் அதே மோட்டாரின் மற்ற இதழையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அதுவும் ஒரே பொட்டலத்தில் வந்த ஜோடியாக. டிஜேஐ கையேடே அப்படித்தான் சொல்கிறது. “நல்லா இருக்கிறதை எதுக்குண்ணே தூக்கிப் போடணும்?” என்று என் உதவியாளர் தம்பி கேட்பான். தேய்ந்ததும் புதியதும் எதிரெதிரே சுற்றினால் சமன் போய்விடும், அதுக்குத்தான் தம்பி. குறியிட்ட றெக்கை ட்ரோனில் மோட்டாரைத் தாங்கும் குறியிட்ட கைக்கு, குறியில்லாதது மற்றதற்கு. மாற்றி மாட்டினால் கிளம்பும்போதே குப்புறக் கவிழும்.

கிளம்புமுன் பார்க்க ஒரு நிமிடம் போதும். றெக்கையின் முன்னோரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டும் நகத்தில் மாட்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஸ்க்ரூ இருக்கும் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே வெளிறிய கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் வளைந்து களைத்துவிட்டது என்று அர்த்தம். முனையில் சின்னக் கீறல் என்றால்கூட யோசிக்கலாம், அடியில் வெளிறல் என்றால் யோசிக்கவே கூடாது, மாற்றிவிட வேண்டும். முப்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஸ்க்ரூ இறுக்கம் பார்க்கச் சொல்கிறது கையேடு. எங்கள் டெல்டா பக்கத்தில் அதுவரை காத்திருக்க மாட்டேன். அறுத்த வயலில் நின்று கிளப்பினால் தாள் முனை றெக்கையில் அடிக்கும், களத்து மேட்டில் தூசி, நாகப்பட்டினம் கரையில் மணலும் உப்பும். தரையில் விரிக்கும் லேண்டிங் பேட் இல்லாமல் இந்த இடங்களில் இறக்காதீர்கள்.

துடைக்க லேசாக ஈரம் தொட்ட மெல்லிய துணி போதும். தின்னர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ட்ரோனை விட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் முறுக்கிக்கொள்ளும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. “ஒரிஜினல்” என்று போட்டுவிட்டு ஸ்க்ரூ இல்லாமல், குறியில்லாமல் வெறும் பிளாஸ்டிக் உறையில் அனுப்பும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைந்த ஒன்று அந்த ஸ்க்ரூவுக்கு.